வாப்பாவின் இடது கண்

என் வாப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கோபம் அடங்கினால் அழுகை வரும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடப் பார்க்கிறேன்.

அவருடைய பெயர் கச்சிமுகம்மது. ஆனால் எங்கள் ஊரான நற்பிட்டிமுனைக்கு வந்து பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆளைத் தெரியாது என்பார்கள். வட்டவிதானையார் வீடு எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடும். நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் ஊராரின் வயல்கள் கிடக்கின்றன. வாய்க்காலில் வருகிற தண்ணீர் எந்த நாளில் எந்த வயலுக்குப் போக வேண்டும், யார் கள்ளத்தனமாக வரம்பை வெட்டியிருக்கிறார், எந்த மாடு எவருடைய வேளாண்மைக்குள் இறங்கியது என்று பார்ப்பதுதான் வட்டவிதானையின் வேலை. விவசாயிகள் கூட்டம் கூடிக் கையை உயர்த்தி ஆளைத் தெரிவு செய்வார்கள். தெரிவு செய்த அன்றைக்கே ஏசவும் தொடங்கிவிடுவார்கள். வாப்பாவும் விடமாட்டார். "ஒன்ட வயல் மட்டுந்தான் வயலா, மத்தவன்ட வயலென்ன மையத்து அடக்குற மையவாடியா?" என்று வீதியில் நின்று கத்துவார். அதே ஆளோடு அடுத்த நாள் தேநீர்க் கடையில் சிரித்துக்கொண்டு இருப்பார். அப்படி ஒரு மனிதர்.

அவருடைய வலது கண் போன கதை இப்போதும் எனக்கு எரிச்சல். அறுவடை நேரம், மெசினில் நெல் வெட்டும்போது இடது கண்ணில் ஏதோ தூசு விழுந்திருக்கிறது. கையால் பொத்திக் கசக்கியிருக்கிறார். அப்போதுதான் தெரிந்தது, வலது கண் திறந்திருந்தும் உச்சி வெயிலில் ஒரே இருட்டு. வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "மர்ஷூதா, பகலிலயும் கரண்டு போற நாடாயிட்டுப் போல" என்று பகிடி விட்டார். நாங்களும் சிரித்தோம். அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளை படருது, பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று அவரே முடிவெடுத்து அவரே மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

கண் கிளினிக்கில் அப்போது டொக்டர் சுலக்சனா இருந்தார். மட்டக்களப்புப் பிள்ளை, மெல்லக் கதைக்கிற, பொறுமையான பிள்ளை. வாப்பாவின் நாடியை நிமிர்த்திப் பிடித்துக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"ஐயா, இது குளுக்கோமா. கண்ணுக்குள்ள எப்பவும் கொஞ்சத் தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும், வெளியால வடிஞ்சுகொண்டும் இருக்கும். உங்கட கண்ணில வடியிற வழி இறுகிப் போச்சு. தண்ணி தேங்கித் தேங்கி அமுக்கம் கூடி, பின்னால இருக்கிற நரம்ப நசுக்குது."

தண்ணீர் என்றதும் வாப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வடிச்சல் வாய்க்கால் அடைச்சிட்டு எண்டு சொல்லுங்க டொக்டர். தோண்டி விட்டாச் சரியாயிரும்தானே?"

"தண்ணிய வடிய விடலாம் ஐயா. செத்த நரம்பு திரும்ப முளைக்காது."

வலது கண் முடிந்தது. இடது கண்ணிலும் ஓரங்கள் எல்லாம் போய் நடுவில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். குழாய்க்குள்ளால் பார்ப்பது போலத்தான் அவருக்கு உலகம் தெரிகிறது என்றார் டொக்டர். அந்தத் துண்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அமுக்கம் பதினைந்துக்குக் கீழே நிற்க வேண்டும். அன்றைக்கு இருபத்தாறு இருந்தது. காலை, பகல், இரவு என்று மூன்று வேளை விட ஒரு துளி மருந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்த மருந்துக்காக உம்மாவும் வாப்பாவும் மூன்று வேளையும் சண்டை. துளி விழுந்த கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பு இறங்கும். "இது கண்ணுக்கு உட்ற மருந்தா, நாக்குக்கு உட்ற மருந்தா புள்ள?" என்று முகத்தைச் சுளிப்பார். உம்மா, "வாயப் பொத்திக்கிட்டு அண்ணாந்து படுங்க" என்பார். விட்டார்கள். மருந்தை ஒழுங்காகத்தான் விட்டார்கள். அமுக்கம் பத்தொன்பதுக்கு இறங்கியது. அதற்குக் கீழே அசையவில்லை. டொக்டர் கண்ணில் வெட்டுச் செய்வதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். வாப்பா, "இருக்கிற ஒண்டையும் வெட்டப் போறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இதற்கிடையில் நெஞ்சு நோவு வந்தது. மாரடைப்பு இல்லை, இரத்தக் குழாய் சுருங்குகிறது என்று சொல்லி நெஞ்சுக் கிளினிக்கில் நிக்கோரண்டில் என்று ஒரு குளிசை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அடுத்த தடவை கண் கிளினிக்குப் போனபோது டொக்டர் சுலக்சனா இரண்டு தடவை அளந்தார். பதினாலு.

"புதுசா என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டார். என் கைப்பையில் இருந்த குளிசைகளை எல்லாம் மேசையில் கொட்டினேன். அவர் ஒரு மட்டையை எடுத்துப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இது ஒரு விதமான மருந்து. எங்கட உடம்பில உள்ள கலங்கள்ட சுவரில பொட்டாசியம் போய்வாற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. இந்தக் குளிசை அதில ஒரு வகைக் கதவத் திறந்து விடும். அது திறந்தா இரத்தக் குழாய் இறுக்கம் விட்டுத் தளரும். நெஞ்சு நோவு குறையிறது அதாலதான். கண்ணில இருந்து வடியிற தண்ணி போய்ச் சேருறதும் சின்ன இரத்தக் குழாய்களுக்குள்ளதானே. இந்த வகை மருந்து அந்த வழியையும் தளர்த்தி அமுக்கத்தக் குறைக்குது எண்டு எலியளிலயும், செத்தவங்கள் தானம் குடுத்த கண்களிலயும் கண்டிருக்கிறாங்க. கண்ணுக்கு விடுற துளியா இன்னும் வரேல்ல. சோதிச்சுக்கொண்டு இருக்கிறாங்க."

"அப்ப துருசத் திறந்து உட்ற குளிசை!" என்றார் வாப்பா. துருசு என்றால் குளத்தில் தண்ணீர் திறக்கிற கதவு. அவருக்கு எல்லாம் அதுதான்.

"அப்பிடி நிச்சயமாச் சொல்ல ஏலாது ஐயா. இதாலயும் இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். இத நம்பித் துளி மருந்த மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க."

நான் பக்கத்தில் இருந்தேன். என் இரண்டு காதாலும் கேட்டேன். அவரும் "ஓம் டொக்டர்" என்றார். ஆனால் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னதில் அந்தக் கடைசிப் பேச்சு இல்லை. "ஒரு குளிசை, ரெண்டு வேல செய்யிது மர்ஷூதா. நெஞ்சுக்கும் அதான், கண்ணுக்கும் அதான். அல்லாஹ்ட ரஹ்மத்தப் பாரு." வேண்டியதை மட்டும் கேட்கிற காதுக்கு எந்த டொக்டர் என்ன செய்வது?

பிறகு நோன்பு வந்தது.

நோன்புக்கு மருந்தை எப்படி விடுவது என்று முன்னமே டொக்டரிடம் கேட்டு வைத்திருந்தேன். விடிய முன் சஹர் சாப்பிடும் நேரம் ஒன்று, மாலையில் நோன்பு துறந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. பகலில் தொடவே தேவையில்லை. சந்தேகம் வேண்டாம் என்று பள்ளி மௌலவியிடமும் என் கணவர் ஜுனைட் கேட்டு வந்தார். கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் முறியாது என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? டொக்டரும் சொல்லியாயிற்று, மார்க்கமும் சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது இந்த மனிதரின் பிடிவாதம் மட்டும்தான்.

சஹரில் விட்ட துளியின் கசப்பு, நோன்பு தொடங்கும் சுபஹ் பாங்கு சொன்ன பிறகும் அவருடைய தொண்டையில் நின்றிருக்கிறது. எச்சிலை விழுங்க மனம் வரவில்லையாம். விழுங்கினால் மருந்தை விழுங்கியது போலாகுமே, நோன்பு பழுதாகுமே என்று பேணுதல். பேணுதல்! அதனால் சஹர்த் துளியை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. "நீ சமையல் வேலயப் பாரு, நானே உட்டுக்கிறன்" என்று உம்மாவின் கையில் இருந்து மருந்தை வாங்கிக்கொண்டார். உம்மாவும் கஞ்சிப் பானையும் கையுமாக இருந்தபடியால் விட்டுவிட்டார். பிறகு மற்ற இரண்டு வேளையும் போயிற்று. குளிசை இருக்கிறதே! வாயில் போட்டால் தண்ணீரோடு போய்விடும், கசப்பு இல்லை, சந்தேகம் இல்லை. கண்ணுக்கும் அதுதானே.

பாதி நோன்பில் வாய் முழுக்கப் புண். நாக்கின் ஓரத்தில், கன்னத்துக்குள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக. நோன்புக் கஞ்சியைக்கூட ஆற வைத்து ஊதி ஊதித்தான் குடித்தார். நெஞ்சுக் கிளினிக்கில் பார்த்துவிட்டு, இது அந்தக் குளிசையால் வருகிற புண் என்று சொல்லி அதை நிறுத்தி வேறு ஒன்று கொடுத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான். அந்தப் புண்ணுக்கு அதுதான் செய்வார்கள். கண்ணின் கதை அவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர் வாயைத் திறந்து சொன்னால்தானே!

நான் பிறகு கேட்டேன்: "குளிசைய மாத்தினாங்களே, அப்பயாவது துளிய உட்டிருக்கக் கூடாதா வாப்பா?"

"அதுவும் நெஞ்சுக் குளிசதானே மகள்" என்றார்.

நெஞ்சுக்குக் கொடுக்கிற எல்லாக் குளிசையும் ஒன்றென்று நினைத்திருக்கிறார். எந்தக் குளிசை எந்தக் கதவைத் திறக்கிறது என்று அவருக்கு யார் போய்ப் பாடம் எடுப்பது! இப்படி, தாங்கி நின்ற இரண்டும் போய் அந்தக் கண் தனியே நின்றிருக்கிறது. நெற்றி இடித்தது, நோன்புத் தலைவலி என்றார். விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தது, களைப்பு என்றார். நோன்பின் கடைசிப் பத்து நாளில் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் போகும்போது ஜுனைட்டின் தோளில் கை வைத்து நடந்தார். வயது போகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வீட்டுக்குள் எது எங்கே என்று அவருக்கு மனப்பாடம், அதனால் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

பெருநாள் காலை மப்பாக இருந்தது. கடற்கரையில்தான் தொழுகை. நாங்கள் பெண்கள் பின்னால் இருந்தோம், ஆண்களின் வரிசைகள் முன்னால். ஸப்பு வரிசையை நேராக்கச் சொல்லி ஒலிபெருக்கி எல்லாப் பக்கமும் கத்தியது. ஜுனைட் பாயை விரிக்கக் குனிந்த நேரம் வாப்பா அவருடைய தோளை விட்டிருக்கிறார். சனம் இடித்து நெருக்கியதில் எந்தப் பக்கம் திரும்பினார் என்று அவருக்கே தெரியவில்லை. தக்பீர் கட்டித் தொழத் தொடங்கியபோது அத்தனை பேரும் மேற்கே கிப்லாவைப் பார்த்து நிற்க, என் வாப்பா மட்டும் கடலைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்கு நேரே அவருடைய முகம். புதுச் சாரன், புதுத் தொப்பி, கண் இரண்டும் திறந்திருந்தன. அந்தக் கண்ணில் நானும் இல்லை, கடலும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர் தொழுகையிலேயே மெல்ல அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். என் உம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். யா அல்லாஹ், அந்தத் தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது.

பெருநாள் சாப்பாடு அப்படியே கிடக்க ஆசுபத்திரிக்கு ஓடினோம். டொக்டர் சுலக்சனாவை வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள். அமுக்கம் நாற்பத்தாறு. டொர்ச் வெளிச்சத்தை நாலு பக்கமும் காட்டி, "தெரியுதா ஐயா, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வாப்பா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். வெளிச்சத்தை நிறுத்திய பிறகும் "ஓம்" என்றார்.

"இந்த மாதம் மருந்து விட்டீங்களா?"

"இல்ல டொக்டர், நோன்பு பழுதாகும் எண்டு உடல்ல." அதற்கு மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

நான் நின்ற இடம் ஆசுபத்திரி என்பதை மறந்துவிட்டேன். "பைத்தியமா ஒங்களுக்கு? மௌலவி சொன்னது கேக்கல்லயா? முறியாதெண்டு சொன்னாரே, முறியாதெண்டு!" என்று கத்தினேன்.

"மௌலவி சொன்னாருதான் மகள். தொண்ட கசக்குதே" என்றார் மெதுவாக. "அல்லாஹ்ட நாட்டம்."

"அல்லாஹ்வ இழுக்காதீங்க. இது ஒங்கட நாட்டம்." பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? பேசினேன். இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

அவரை வார்டில் வைத்து ஊசியும் குளிசையும் துளியுமாக ஏற்றினார்கள். டொக்டர் என்னையும் ஜுனைட்டையும் வெளியே கூப்பிட்டார். "மிச்சம் இருந்த நரம்பும் போயிட்டுது. அமுக்கத்தக் குறைப்பம், நோவு வராது. பார்வை வராது." அவருடைய குரலும் உடைந்துதான் இருந்தது. "நான் அண்டைக்கு அந்தக் குளிசையப் பற்றிச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.  துளியை நிறுத்த வேண்டாம் என்றும் அவர்தானே சொன்னார்.

உம்மா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "அவருக்குச் சொல்லாதீங்க. நெஞ்சு வருத்தக்கார மனிசன். கேட்டாத் தாங்கமாட்டாரு. பிறகு, பிறகு சொல்லுவம்." பெருநாள் சட்டையோடு நின்று அழுகிற உம்மாவிடம் என்ன நியாயம் பேசுவது? சரி என்றோம்.

வாப்பா அந்த அமுக்கக் கணக்கையே பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இன்றைக்கு எவ்வளவு? முப்பதுக்கு இறங்கியது என்றால் சந்தோசம். இருபத்திரண்டு என்றால் பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை. "வடியிது, வடியிது" என்பார். தண்ணீர் வடிந்தால் வரம்பு தெரியும், வரம்பு தெரிந்தால் வயல் தெரியும் என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்கு வந்த பிறகு ஜுனைட்டைத் தனியே கூப்பிட்டு, "மருமகன், அந்தத் துருசுக் குளிசைய எங்கயாவது வாங்கித் தாங்க. வாய்ப்புண் வந்தா வந்துட்டுப் போகட்டும், புண் ஆறும். கண் கெதியா வெளிக்கும், பார்வை வந்துரும்" என்று கேட்டிருக்கிறார். ஜுனைட் முற்றத்துக்கு வந்து சைக்கிள் கரியலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். என் மனிதர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

சிறுபோக வேளாண்மைக்குக் கூட்டம் வைக்க முன் வயல் வட்டைக்காரர்கள் வாப்பாவைப் பார்க்க வந்தார்கள். ஊரில் எதுதான் மறையும், அவர்களுக்கும் தெரியும். வாப்பா நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, "வேற ஆளப் போட்டுறாதீங்க. கண் பிறசர் இறங்கிட்டு. வெதைப்புக்கு முன்னுக்கு வந்துருவன்" என்றார். அவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அவருக்குத் தெரியாத தலையாட்டல். வாசலில் என்னைக் கண்டபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கிளினிக் நாள் வந்தது. உம்மாவுக்கு முழங்கால் வீக்கம், நானும் ஜுனைட்டும்தான் கூட்டிப் போனோம். ஜுனைட் தான் ஓட்டி வந்த ஆட்டோவில் வெளியே இருந்தார். டொக்டர் அளந்தார்.

"பதிமூண்டு ஐயா."

"பதிமூண்டு!" வாப்பாவின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு கொறஞ்சதே இல்ல, என்ன மகள்?"

"ஓம் வாப்பா."

"நல்ல பிறசர்தானே டொக்டர்?"

"நல்ல அமுக்கம் ஐயா."

அவர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். கையை முகத்துக்கு முன்னால் தூக்கி விரலை விரித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் பக்கம் என்று அவர் நினைத்தது சுவர்.

"அப்ப ஏன் மகள் இன்னம் வெளிக்கல்ல?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன். எனக்கு அதற்கு மேல் ஏலாமல் போயிற்று. அவருடைய விரித்த கையைப் பிடித்து இறக்கினேன். "இனி வெளிக்காது வாப்பா. நரம்பு போயிட்டு. பெருநாளண்டே போயிட்டு. பிறசர் இனி எவ்வளவு இருந்தாலும் ஒண்டுதான்."

 அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். அவதான் ஒங்களுக்குச் சொல்ல வேணாமெண்டவ. நெஞ்சு தாங்காதெண்டு."

"ம்" என்றார். டொக்டருக்கு ஸலாம் சொல்வது போல நெஞ்சில் கையை வைத்துவிட்டு எழும்பினார். ஆட்டோவில் ஏறினோம். ஜுனைட் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், அவர் விளங்கிக்கொண்டார்.

உம்மா வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்ட குரலில் பயம். வாப்பா என் கையை விட்டுவிட்டு அந்தக் குரலை நோக்கித் தானாக நடந்து போனார்.

"பதிமூண்டாம் மர்ஷூதா. நல்ல பிறசராம். கொஞ்ச நாளையில வெளிக்கும் எண்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. கண்ணீர் அவருடைய முகத்தில் வழிந்துகொண்டிருந்தது, குரலில் ஒரு சொட்டும் இல்லை. "நான் சொல்லல்லயா? வெளிக்கும். வாங்க, சோறு ஆறுது."